ப்ரீடா வீட்டுத் துட்டி

அயர்லாந்துக்கா போறீக? அடி ஆத்தி, நான் அங்க இருந்துதான் வாரேன்! மக வீட்டுக்கா, மகன் வீட்டுக்கா? மக வீடா, அப்ப குடுத்து வச்சவுக நீங்க. நான் மகன் வீட்டுக்குப் போயிட்டுத் திரும்புறேன். தொரத்தி விட்டுட்டானோன்னு நெனச்சிராதீக. விசா முடிஞ்சிருச்சு, வாரேன், அம்புட்டுத்தான். என்னையத் தொரத்துற தைரியம் அந்த வீட்டுல யாருக்கும் இன்னும் வரல.

எம் பேரு பூரணம். அருப்புக்கோட்டை. நீங்க நாமக்கல் பக்கமா? நெனச்சேன், பேச்சு அப்படித்தான் இருக்கு. பையக் கீழ வச்சிட்டு நல்லாச் சாஞ்சு உக்காருங்கக்கா. வயசுல யாரு மூத்தவுகன்னு தெரியல, அக்கான்னே கூப்பிட்டுக்கிறேன். இந்த ஏர்போர்ட்டுல எவுகளப் பாத்தாலும் போனத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. வாய் தெறந்து தமிழ் பேசி எம்புட்டு நேரமாச்சு தெரியுமா?

மக என்ன பாடமெல்லாம் நடத்தி அனுப்பியிருக்கா? அதப் பேசாத, இதக் கேக்காத, அங்க நிக்காத, சத்தமாச் சிரிக்காத. நடத்தாம இருந்திருக்க மாட்டா. எம் மகன் கதிரேசனும் நடத்துனான். எறங்குன எடத்துல இருந்து வீட்டுக்குக் கார்ல போறதுக்குள்ள முக்காவாசிப் பாடம் முடிஞ்சிருச்சு. அவன் அங்க ஒரு மருந்துக் கம்பெனியில இருக்கான். படிச்சவன், கெட்டிக்காரன், இல்லைங்கல. ஆனா அவன் சொல்லிக் குடுத்ததுல பாதி தப்பு. அத்தன வருசம் அந்த ஊருல இருந்தும் பக்கத்து வீட்டுக்குள்ள கால் வைக்காதவன் சொன்னா வேற எப்படி இருக்கும்? நான் சொல்றதக் கேட்டுக்கங்க.

பஸ்ஸ விட்டு எறங்கையில டிரைவருக்குத் தேங்க்ஸ் சொல்லணும். சின்னப்புள்ள, வயசாளி, ஸ்கூல் பொண்ணு, எல்லாரும் சொல்லிட்டுத்தான் எறங்குறாக. சொல்லாம எறங்குனா ஒண்ணும் செய்ய மாட்டாக, ஆனா எறங்குனவுக முதுகப் பாப்பாக. ரோட்டுல நடந்து போறீகன்னு வைங்க, எதிர்த்தாப்ல வர்ற கார்க்காரரு ஸ்டியரிங்கப் பிடிச்ச கையில ஒத்த வெரல மட்டும் தூக்குவாரு. மெரட்டுறாருன்னு நெனச்சிராதீக, அது அவுக வணக்கம். தெரிஞ்சவுக தெரியாதவுக எல்லாருக்கும் உண்டு. நீங்களும் லேசாக் கையத் தூக்கிட்டுப் போயிக்கிட்டே இருங்க. நான் மொத நாளு மரியாதையா ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். டிராக்டர்ல வந்தவரு பாவம், என்னமோ ஏதோன்னு வண்டிய நிறுத்தி எறங்கி வந்துட்டாரு.

எப்படி இருக்கீகன்னு கேப்பாக. வெவரமாப் பதில் சொல்லக் கூடாது. நான் முட்டிவலியில ஆரம்பிச்சு இடுப்புக்கு வர்றதுக்குள்ள அந்தக் கடைக்காரப் பொம்பளைக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. மழையப் பத்தி மட்டும் எம்புட்டு வேணும்னாலும் பேசலாம். சேலை நல்லாருக்குன்னு சொன்னா, அட இது பழசுங்கன்னு சொல்லிறணும். அது நமக்குச் சொல்லியா தரணும்?

ஆனா டீ விசயத்துலதான் எம் மகன் என்னைய அசிங்கப்படுத்திப்புட்டான்.

'அம்மா, வெள்ளைக்காரங்க வேணாம்னா வேணாம்தான். நம்ம ஊரு மாதிரி வற்புறுத்தாத, அநாகரிகம்'னு சொல்லி வச்சிருந்தான். சரி, அவுக நாகரிகம் அதுன்னா அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு நானும் இருந்தேன். பக்கத்து வீட்டு ப்ரீடான்னு ஒரு அம்மா, எழுவதுக்குப் பக்கமா இருக்கும், ஆப்பிள வச்சுச் சுட்ட பலகாரத்தச் சுடச்சுடக் கையில ஏந்திக்கிட்டு வந்துச்சு, புதுசா வந்திருக்கிற என்னையப் பாக்கணும்னு. டீ குடிக்கிறீகளான்னு கேட்டேன். அம்புட்டு இங்கிலீசு எனக்கு வரும். 'நோ, நோ'ன்னுச்சு. சரின்னு கெட்டிலத் தூக்கி ஓரமா வச்சிட்டு எதுத்தாப்ல உக்காந்து சிரிச்சேன். அதுவும் சிரிச்சுச்சு. எம்புட்டு நேரந்தான் சிரிக்கிறது? கொஞ்ச நேரத்துல எந்திரிச்சுப் போயிருச்சு. மொகம் சுருங்கித்தான் போச்சு.

வேலைக்குப் போயிருந்த மருமக வந்ததும் சொன்னேன். நிவேதான்னு பேரு, அங்க நர்சு. தலையில கைய வச்சிட்டா. 'ஐயோ அத்தை, மொத தடவ வேணாம்னுதான் சொல்வாங்க. மறுபடி கேட்டாலும் வேணாம்பாங்க. அதுக்கப்புறமும் கேக்கணும், அப்பத்தான் சரின்னு சொல்வாங்க'ங்கிறா. அட பாவிகளா, இது எங்க ஊரு பழக்கம்ல! வந்தவுகள ஒரு வா காப்பி குடிக்க விடாம அனுப்புனேன்னு எங்க தெருவுல யாராச்சும் கேட்டா என்னைய என்ன நெனப்பாக? இத அந்த மகராசி முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? சொல்ல மாட்டா. நான் அசிங்கப்படட்டும்னு காத்திருந்திருப்பா.

அன்னைக்குச் சாயங்காலமே கொட்டுற மழையில என்னையக் கைத்தாங்கலாப் பிடிச்சு ப்ரீடா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. டூட்டி முடிஞ்சு வந்த அலுப்பு, வீட்டுல சமைக்க உடம்பு வளையல, அங்க போனா டீயும் கேக்கும் கெடைக்கும்ல, அதுக்குத்தான். போன எடத்துல ப்ரீடா டீ வேணுமான்னுச்சு. நான் வேணாம்னேன். மறுபடி கேட்டுச்சு. வேணவே வேணாம்னேன். அது எந்திரிச்சுப் போயி டீயப் போட்டே கொண்டாந்துருச்சு. எனக்கு அப்படியே எங்க மதினி வீட்டுல உக்காந்த மாதிரி இருந்துச்சுக்கா. அதுல இருந்து பாஷை தெரியாம நாங்க ரெண்டு பேரும் பேசாத பேச்சில்ல.

அந்தம்மா வீட்டுக்காரரு பேரு டோனல். ஒசரமான மனுசன், தலையில எந்நேரமும் ஒரு தொப்பி. தோட்டத்துல வெளஞ்ச உருளக்கெழங்க ஒரு வாளியில போட்டு எங்க வாசல்ல வச்சிட்டு மணிகூட அடிக்காமப் போயிருவாரு. நான் அந்த வாளியில வடையச் சுட்டு வச்சுத் திருப்பிக் குடுப்பேன். வேலிக்கு அங்கிட்டு நின்னு வானத்தக் காட்டி ஏதோ சொல்வாரு. நான் தமிழ்ல, ஆமாண்ணே, இன்னைக்கு விடாது போலன்னு சொல்வேன். ரெண்டு பேருக்கும் புரிஞ்சிரும். கதிரேசன் மட்டும் சன்னல்ல நின்னு, 'அம்மா, ஏம்மா அவரத் தொந்தரவு பண்ற?'ன்னு கேட்டுக்கிட்டே இருப்பான்.

அப்படி இருந்த டோனலு ஒரு நா காலையில ஆஸ்பத்திரியில செத்துப் போயிட்டாரு. நெஞ்சுவலி. போகையில நல்லாத்தான் போனாராம்.

 அதவிட, அடுத்து நிவேதா சொன்னதுதான் என்னைய உலுக்கிருச்சு. 'நாளைக்கு வீட்டுக்குக் கொண்டு வராங்க அத்தை, முன்னறையில வச்சிருப்பாங்க, எல்லாரும் வந்து பாப்பாங்க'ன்னா. ஆஸ்பத்திரியில செத்தவர வீட்டுக்குக் கொண்டு வர்றாக! நான் சொவத்தப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

ஏன்னு கேளுங்க. எங்க வீட்டுக்காரக வீட்டுக்கு வரலக்கா. தனுஷ்கோடின்னு பேரு. பஜார்ல மளிகைக் கடை. கொரோனாவுல ரெண்டாவது அலை அடிச்சுச்சுல்ல, அதுல காய்ச்சல் வந்து, நடந்து போயி ஆம்புலன்ஸ்ல அவுகளாவே ஏறுனாக. அதான் நான் கடைசியாப் பாத்தது. பெறகு பையில சுத்திச் சுடுகாட்டுக்கு நேரா கொண்டு போயிட்டாக. என்னைய வாசலோட நிறுத்திட்டாக. கதிரேசனுக்குப் பிளேன் இல்ல. நான் அந்தச் சுடுகாட்டு வாசல்ல நின்னு அவனுக்குப் போன்ல காட்டுனேன். வண்டியோட பின்பக்கந்தான் தெரிஞ்சுச்சாம் அவனுக்கு.

எங்க தெருவ அடைச்சுத் தகரம் அடிச்சிருந்தாக. ஒரு ஈ காக்கா துட்டி கேக்க வரல. உங்க பக்கம் என்ன சொல்வீக, எழவு கேக்குறதுன்னா? அதான். ஆம்பளைக வாசல்ல வரிசையா நிக்க, வர்றவுக கையத் தொட்டுட்டுப் போவாக. பொம்பளைக நாங்க உள்ள கட்டிப்பிடிச்சு அழுவோம். எனக்கு அழ ஒரு தோளு கெடைக்கல. சரி, தகரத்தப் பிரிக்கட்டும், வருவாகன்னு பாத்தேன். தெனம் கூடத்துல பாய விரிச்சு வச்சேன். அப்ப என்னங்கிறாக, நாளாயிருச்சே, இனிமே போயிக் கேட்டா நல்லாவா இருக்கும்னு. கடைவீதியில பாத்தா ஊசி போட்டாச்சான்னு கேட்டாக. அவுகளப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நாப்பது வருசம் அந்த ஊருக்கே அரிசி பருப்பு அளந்து போட்ட மனுசனப் பத்தி ஒரு வார்த்த.

அதுதான் எங்கிட்ட உள்ள வெறி. இப்பவும் இருக்கு. ஏன் பொய் சொல்லணும்?

மறுநா டோனல் வீட்டுக்குப் போறேன்னு கெளம்புனேன். கதிரேசன் வாசப்படியில நின்னுக்கிட்டான். 'நாம போகக் கூடாதும்மா. அது அவங்க குடும்ப விசயம். நம்மள யாரும் கூப்பிடல. ஒரு கார்டு வாங்கிப் போட்டாப் போதும்'ங்கிறான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். துட்டிக்கு எவன்டா பத்திரிகை வைப்பான்னு கேட்டேன்.

'இல்லங்க, எல்லாரும் போகலாம், சாவு அறிவிப்புல நேரம்கூடப் போட்டிருக்காங்க'ன்னு நிவேதா போன நீட்டுறா. 'அது அவங்க ஆளுங்களுக்கு'ன்னுட்டான். எங்கிட்ட திரும்பி, 'நீ அங்க போயி நம்ம ஊரு மாதிரி கட்டிப்பிடிச்சு அழுது வச்சேன்னா நான் இந்த ஊருல எப்படித் தலையக் காட்டுறது?'ன்னு கேட்டான்.

ஏன்டா, நான் அழுதா உனக்குத் தலகுனிவு. உங்கப்பனுக்கு அழ ஒரு ஆளு இல்லாமப் போச்சே, அதுக்கு யாரு தலை குனியிறதுன்னு கேட்டேன். கேட்டே விட்டேன்க்கா. அவன் விறுவிறுன்னு மாடிக்குப் போயிக் கதவச் சாத்திக்கிட்டான். அவங்கப்பா பேச்ச எடுத்தாலே அப்படித்தான், மாடிக்குப் போயிருவான். படத்தக்கூட மாட்ட விட மாட்டான் கூடத்துல. அழுத்தக்காரன்.

நிவேதா ஊதாக் கலர் சேலைய எடுத்து இஸ்திரி போட்டுக் கட்டில்ல வச்சிருந்தா. நான் எடுத்து வச்சது பச்சை. அதக்கூட எம் இஷ்டத்துக்குக் கட்ட முடியல. அடுப்படியில போயிப் பாத்தா, முட்டையப் பிசைஞ்சு வச்சு ரொட்டிய முக்கோணம் முக்கோணமா வெட்டி ஒரு பெரிய டப்பா நெறைய அடுக்கிக்கிட்டு இருக்கா. துட்டி வீட்டுக்கு மாலை கொண்டு போவாக, கோடித்துணி கொண்டு போவாக, பலகாரம் தூக்கிட்டுப் போறவள நான் அன்னைக்குத்தான் பாத்தேன். 'இங்க இப்படித்தான் அத்தை, வர்றவங்களுக்கு அந்த வீட்டுல டீயும் சாப்பாடும் குடுத்துக்கிட்டே இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரங்கதான் செஞ்சு தரணும்'னா. எனக்கு நம்பிக்கையில்ல. ஆனா போயிப் பாத்தா, ஊரே ரொட்டி டப்பாவோட நிக்குது.

ஊரேன்னா ஊரேதான்க்கா! ரோட்டுல ரெண்டு பக்கமும் காரு. பளபளன்னு மஞ்சக் கோட்டு மாட்டிக்கிட்டு அக்கம்பக்கத்து ஆம்பளைக நின்னு வண்டிக்கு எடம் காட்டுறாக. வீட்டு வாசல்ல இருந்து ரோடு வரைக்கும் வரிசை. அதுல நின்னு பேசுறாக, சிரிக்கவும் செய்றாக. எனக்குச் சுருக்குன்னுச்சு, எழவு வீட்டுல என்ன சிரிப்புன்னு. நிவேதா காதுல சொன்னா, டோனல் பண்ணுன சேட்டையெல்லாம் பேசிக்கிறாகன்னு. ஓ, அப்படின்னா சரி. எங்க வீட்டுக்காரகளப் பத்திப் பேசுனாலும் சிரிக்க வேண்டிய கதை நெறைய உண்டு.

உள்ள போனா, சன்னலத் தெறந்து வச்சிருக்காக, சொவத்துக் கடிகாரத்த நிறுத்தி வச்சிருக்காக, சாவு வீட்டுல அங்க அதுதான் மொறையாம். டோனல் கோட்டு சூட்டோட பெட்டியில படுத்திருக்காரு, வெரல்ல ஜெபமாலை. தொப்பி இல்லாம அவர நான் பாத்ததே இல்ல. முடி அம்புட்டும் வெள்ளை. வர்றவுக அவரு கையத் தொடுறாக, சிலுவை போடுறாக, பெறகு அந்தச் சொவத்து ஓரமா வரிசையாப் போட்டிருந்த நாற்காலிகள்ல உக்காந்திருந்தவுக ஒவ்வொருத்தருக்கும் கை குடுத்துக்கிட்டே வெளிய போறாக. தலைமாட்டுல ப்ரீடா. பக்கத்து நாற்காலி காலி. அதுல இருந்த மக, ஓர்லான்னு பேரு, டீ ஊத்துறதுக்கு எந்திரிச்சுப் போயிருந்திருக்கா.

இப்பச் சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன செய்வீக? புருசனப் பறிகுடுத்தவ தனியா உக்காந்திருக்கா, பக்கத்துல எடம் கெடக்கு. நான் நேராப் போயிக் கட்டிப்பிடிச்சேன், பக்கத்துல உக்காந்துட்டேன். நம்ம ஊருல வேற எங்க உக்காருவோம்? ப்ரீடா எங் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. விடல.

அடுத்து வந்த மனுசன் ப்ரீடாவுக்குக் கை குடுத்தாரு. அப்படியே எனக்கும் கைய நீட்டுனாரு. நெஞ்சு வரைக்கும் தாடி, மண்ணு வேலை பாத்த கை, சொரசொரன்னு இருந்துச்சு. எங் கண்ணப் பாத்து, 'சாரி ஃபார் யுவர் டிரபிள்'னாரு. உங்களுக்கு வந்த துன்பத்துக்கு வருத்தப்படுறேன்னு அர்த்தமாம். நம்மளச் சொல்லல, ப்ரீடாவச் சொல்றாருன்னு நெனச்சேன். அடுத்து ஒரு பொம்பள வந்துச்சு. அதுவும் எங் கையப் பிடிச்சு அதையேதான் சொல்லுச்சு. அதுக்கடுத்து ஒரு கூட்டமே வந்துச்சு. எல்லாரும் அதையேதான் சொன்னாக.

அப்பத்தான் பக்கத்துல திரும்பிப் பாத்தேன். அந்தச் சொவத்து ஓரமா இருந்த மூக்கெல்லாம் டோனல் மூக்கு. வீட்டு ஆளுக உக்கார்ற வரிசையில போயி நான் உக்காந்திருக்கேன்.

புரிஞ்சிருச்சுக்கா. நல்லாவே புரிஞ்சிருச்சு. எந்திரிச்சிருக்கணும், எந்திரிக்கல. தெரியாம உக்காந்துட்டேன்னு உங்ககிட்ட நான் சொல்லல. உக்காந்தது தெரியாம, எந்திரிக்காதது தெரிஞ்சு.

ஒரு ஆளு வந்து கையப் பிடிச்சு, நின்னு, கண்ணப் பாத்துக் கேக்கணும்னு நான் எத்தன நாளு பாய விரிச்சு வச்சேன்! எவனும் வரல. இங்க வர்றாக, ஒருத்தர் பின்னால ஒருத்தரா. நான் எந்திரிப்பேனா?

அவுக சாரி சொல்லச் சொல்ல நான் தமிழ்ல பதில் சொன்னேன். தாடிக்காரருக்கு, தனுஷ்கோடின்னு பேருய்யா, மளிகைக் கடை வச்சிருந்தாகன்னேன். தலையாட்டுனாரு. அந்தப் பொம்பளைக்கு, காய்ச்சல்தாம்மா, நடந்துதான் போனாகன்னேன். எங் கைமேல இன்னொரு கைய வச்சிருச்சு. இன்னொருத்தருக்கு, என்னைய விட்டுட்டு ஒரு நாளும் சாப்பிட மாட்டாகன்னு சொன்னேன். பொய்தான், பசி பொறுக்க மாட்டாக, எனக்கு முன்னாடியே உக்காந்துருவாக. துட்டி வீட்டுல அது பரவால்ல. ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு எல்லாத்தையும் சொன்னேன். ஒருத்தராச்சும் மொகத்தச் சுளிக்கணுமே, ம்ஹூம்.

ஓர்லா டீத்தட்டோட வந்துச்சு. தன் நாற்காலியில நான் இருக்கிறதப் பாத்துச்சு. இப்ப எந்திரிக்கச் சொல்லுவா, சொல்லட்டும், எந்திரிக்க மாட்டேன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டேன். அந்தப் புள்ள அடுப்படியில இருந்து ஒரு ஸ்டூல எடுத்தாந்து எம் பக்கத்துல போட்டுக்கிட்டு, எனக்கு டீய நீட்டுச்சு. பொணம் கெடக்கிற வீட்டுல பச்சத்தண்ணி வாயில படலாமா? வேணாம்னேன். நீட்டுச்சு. வேணாம்னேன். ப்ரீடா எம் பக்கம் திரும்பி, கண்ணு அம்புட்டும் தண்ணி, குடி குடின்னு தலைய ஆட்டுச்சு. குடிச்சேன். ஆமா, குடிச்சேன். இத ஊருல போயிச் சொன்னா எங்க நாத்தனா வாயில அடிச்சுக்கிடும். அடிச்சுக்கிடட்டும். அன்னைக்கு எங்க இருந்தா அவ?

நிவேதா என்ன செஞ்சாங்கிறீக? எம் பக்கத்துல வந்து நிக்கணும்ல ஒரு மருமக? அடுப்படிக்குள்ள நொழஞ்சவ நொழஞ்சவதான். சேலை முந்தானையச் சொருகிக்கிட்டு அவுக வீட்டு டீக் கப்பெல்லாம் கழுவிக்கிட்டு நிக்கிறா. நல்ல பேரு வாங்கணும்ல! எட்டி எட்டி என்னையப் பாத்துக்கிட்டா. பெறகு பாத்தா ஆளக் காணோம். பின்வாசல் வழியா எங்க வீட்டுக்கு ஓடியிருக்கா, கதிரேசங்கிட்ட வத்தி வைக்க. உங்கம்மா எப்படி உக்காந்திருக்காக வந்து பாருங்கன்னு சொல்லியிருப்பா. என்ன சொன்னாளோ, கொஞ்ச நேரத்துல வரிசையில அவன் நிக்கிறான். சலவைச் சட்டை, கறுப்புக் கோட்டு எல்லாம் மாட்டி விட்டிருக்கா. என்னைய இழுத்துட்டுப் போக வர்றவனுக்கு எதுக்குக் கோட்டு? அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

அங்க வரிசைய மீறி யாரும் வர முடியாது. மொறைப்படி மெதுவா மெதுவாத்தான் வந்தான். நான் அவன மொறச்சேன். வா, வந்து எந்திரிக்கச் சொல்லு, இத்தன பேரு முன்னாடி சொல்லு பாப்போம்னு உக்காந்திருந்தேன்.

டோனல் பெட்டிக்கிட்ட வந்தான். எல்லாரும் தொட்டாகன்னு இவனும் அவரு கையத் தொட்டான். தொட்டவன் எடுக்கல. குனிஞ்ச தலை குனிஞ்சபடி அப்படியே நிக்கிறான். பின்னாடி அம்புட்டு நீள வரிசை. ஒருத்தர் தள்ளல, ஒருத்தர் இருமல. அவன் எடுக்கிற வரைக்கும் சும்மா நின்னாக. வேற ஒரு செத்த மனுசன் கைய அவன் தொட்டதில்ல. தொட்டிருக்க வேண்டிய கையத் தொட அவனுக்குக் குடுத்து வைக்கல. எனக்கு அது அப்ப வரைக்கும் தோணவே இல்லக்கா, எங் கஷ்டத்தையே நான் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

ப்ரீடாவுக்குக் கை குடுத்தான். எங்கிட்ட வந்து குனிஞ்சான். 'அம்மா, எந்திரி. இது வீட்டு ஆளுங்க உக்கார்ற எடம்மா'ன்னான். 

தெரியும்டான்னேன். நானும் துட்டிக்காரிதான். எனக்கு யாரும் கேக்கல. இவுக கேக்குறாக. கேட்டு முடிக்கட்டும், வாரேன்னேன். அதோட விட்டிருக்கலாம், விட்டாத்தான் நான் பூரணம் இல்லையே. நீயாச்சும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடான்னேன்.

அவன் அப்படியே எங் காலடியில மண்டி போட்டுட்டான். எங் கையப் பிடிச்சான். 'எனக்கும் யாரும் கேக்கலம்மா'ன்னான். ஆபீசுல யாருக்கும் சொல்லலையாம் அவன். மறுநாளே வேலைக்குப் போயிட்டானாம். அப்பா செத்துப் போயிட்டாருன்னு வாய் தெறந்து யாருகிட்டயும் அவன் சொன்னதே இல்லையாம். எம் முட்டியில மொகத்த வச்சு அழுதான் பாருங்க, தலையக் காட்ட முடியாதுன்னு சொன்னவன், அந்த ஊரு சனம் அம்புட்டும் பாக்க அழுதான். நானும் அழுதேன். சத்தமாத்தான் அழுதேன். நம்ம ஊரு மாதிரிதான் அழுதேன். யாரும் எங்களப் போகச் சொல்லல.

ஓர்லா எந்திரிச்சு ஸ்டூல அவன் பக்கம் தள்ளுச்சு. ஏறி உக்காந்தான். அடுத்து வந்த பெரியவரு ப்ரீடாவுக்குக் கை குடுத்தாரு, எனக்குக் குடுத்தாரு, அவனுக்கும் நீட்டுனாரு. 'சாரி ஃபார் யுவர் டிரபிள்'னாரு. இவன் நாங்க வீட்டு ஆளு இல்லன்னு சொல்லப் போறான்னு பாத்தேன். 'தேங்க் யூ'ன்னான். 'மை ஃபாதர்'னு என்னமோ சொன்னான். அந்தப் பெரியவரு அவன் கைய விடாமப் பிடிச்சுக்கிட்டு நெடுநேரம் நின்னாரு.

இந்தா, உங்க விமானத்துக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கே. இல்லையா? சரி, இத மட்டும் கேட்டுட்டுப் போங்க. எங்க ஊருல சொன்னா, அடுத்த வீட்டுப் பொணத்துக்கிட்ட உக்காந்து தன் வீட்டுத் துட்டிய வாங்கிக்கிட்டு வந்திருக்கா, வெக்கங்கெட்டவன்னு சொல்வாக. சொல்லட்டும். மறுபடி அப்படி ஒரு நாற்காலி கெடச்சா மறுபடியும் உக்காருவேன். உங்க மக, கூப்பிடாத எடத்துக்குப் போகாதம்மான்னு சொல்லி அனுப்பியிருந்தான்னா, அந்த ஒண்ண மட்டும் காதுல வாங்காதீக.

கடைசியா எனக்கு முட்டி வலி தாங்கல, இடுப்பும் கடுத்துப் போச்சு. அம்புட்டு நேரம் உக்காந்துட்டோமே, ப்ரீடா என்ன நெனைக்குமோன்னு எனக்கே ஒரு கூச்சம் வந்துருச்சு. எம் மகன் தோளத் தொட்டு, போவமாடான்னு கேட்டேன்.

அவன் கண்ணத் தொடச்சுக்கிட்டு வாசப்பக்கம் பாத்தான்.

'இரும்மா, இன்னும் ஆளு வருது'ன்னான்.